காகத்துக்கு வைத்த முதல் பிடி

துறைமுகத்தின் பின்பக்கக் கேற்றில் பகல் பன்னிரண்டரைக்கு சாப்பாடு வாங்க வந்து நிற்பவர்களில் பாதிப்பேருக்கு ஜெயரூபியின் பெயர் தெரியாது. பார்சல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாழையிலைத் துண்டு வைத்து, லஞ்ச் சீற் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மடித்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய சோற்றுப் பார்சல். திறந்தவுடன் தாளித்த கருவேப்பிலை மணக்கும். நாற்பத்தொரு வயது. அதிகம் சிரிக்காத முகம். கட்டிய புருசனை வீட்டைவிட்டுத் துரத்தினவள் என்று அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. அந்தக் கதை முழுதும் சரியில்லை. அவள் அவனை ஒருத்தியின் கையில் பிடித்துக் கொடுத்தாள். துரத்தியிருந்தால் அவன் தப்பியிருப்பான்.

லிங்கநகரில் அவள் இருப்பது சீதன வீடு. தகப்பன் குணரத்தினம் மேசன் வேலை செய்தவர். ஊரார் வீடுகளுக்குப் பகலெல்லாம் கல் அடுக்கிவிட்டு, மிஞ்சிய நேரத்தில் தன் ஒரே மகளுக்காக ஒன்பது வருடம் கட்டிய வீடு. அறை இரண்டு, பெரிய குசினி, பின்வளவில் ஒரு முருங்கை, சுற்றி இடுப்பளவு மதில். காணி உறுதிப் பத்திரம் ஜெயரூபியின் பெயரில். கடைசிச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிய மாதத்தில் மனிதர் கண்ணை மூடினார். அடுத்த வைகாசியில் மாப்பிள்ளை இராகுலன் ஒரு சூட்கேசோடு அந்த வீட்டுக்குள் வந்தான். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது.

இராகுலன் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பனியில் கிளார்க். மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். யாரிடமும் சத்தம் போடமாட்டான். அவன் கதைத்தால் எதிரே நிற்பவர் நம்பிவிடுவார். அந்தக் குரலை நம்பித்தான் ஜெயரூபி பதினெட்டு வருடம் அவனுக்குச் சோறு போட்டாள். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடத்தில், அவன் சம்பளம் பத்தாமல் போனபோது, பின்வளவில் விறகடுப்பு மூட்டிப் பார்சல் தொழிலைத் தொடங்கியவளும் அவள்தான். நானா என்று எல்லோரும் கூப்பிடும் ஓட்டோக்காரர் ஸஹாப்தீனின் வண்டியில் பார்சல்கள் துறைமுகம் போயின. ஒரு மகள், யதுர்ஷா. பதினோராம் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதே மெல்லிய குரலை நம்பிய இன்னொருத்தி டவுனில் இருந்தாள்.

அவள் பெயர் சுகிர்தா. இருபத்தொன்பது வயது. தாய் தகப்பன் இல்லை. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்துகொண்டு, அறையொன்றில் தனியாக இருந்தாள். கம்பனிக் காகிதங்களைப் பிரதி எடுக்க வந்த இராகுலன் அவளுடைய மேசையருகில் நிற்கும் நேரம் மெல்ல மெல்லக் கூடியது. பிறகு நிலாவெளிக் கடற்கரை. பிறகு அவளுடைய அறை.

அவளிடம் இராகுலன் இரண்டு பொய் சொன்னான். மனைவிக்கு இருதய வருத்தம், வைத்தியர்கள் ஒரு வருடம்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பது ஒன்று. லிங்கநகர் வீடு தான் கட்டியது என்பது மற்றது. ஒருநாள் அவள் கலியாணத்தைப் பற்றி நெருக்கிக் கேட்டபோது போனில் ஒரு செய்தி அனுப்பினான்: "அவ இருக்குமட்டும் ஏலாது. அவ போனபிறகு நீர்தான் அந்த வீட்டில விளக்கேத்த வேணும். கொஞ்சம் பொறும்."

சுகிர்தா பொறுத்தாள். வாரம் தவறாமல், "அக்காவுக்கு இப்ப எப்படி?" என்று கேட்டாள். இவன், "இன்னும் மோசம்" என்றான். ஒரு வருடம் முடிந்தது. இன்னும் ஆறு மாதம் போனது. அவளுடைய அழுகையும் கேள்விகளும் இராகுலனுக்கு அலுத்துவிட்டன. ஒரு திங்கட்கிழமை போன் இலக்கத்தை மாற்றிவிட்டு, வேறு கடையில் பிரதி எடுக்கத் தொடங்கினான். அவ்வளவுதான் என்று நினைத்தான்.

அடுத்த வாரம் சுகிர்தா லிங்கநகருக்கு வந்தாள். எதிரொழுங்கைச் சந்து முனையில் நின்று பார்த்தாள். சாகக் கிடப்பதாகச் சொல்லப்பட்ட பெண் பெரிய பார்சல் பெட்டியைத் தனியாளாகத் தூக்கி ஓட்டோவில் வைத்துவிட்டு, "நானா, கவனமாப் போங்கோ. போன கிழமை பருப்புக்கறி முழுக்க உங்கட சீற்றிலதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நிமிடத்தில் சுகிர்தாவுக்குள் ஏதோ அறுந்துவிட்டது. ஏமாற்றியவன்மேல் வரவேண்டிய கோபம், சாகாமல் நின்ற அந்தப் பெண்மேல் வந்து இறங்கியது.

இரண்டு நாள் கழித்து அவள் வாசல் படலையைத் திறந்தாள்.

"அக்கா, பார்சல் கட்ட ஆள் தேவையெண்டு கேள்விப்பட்டனான்."

"ஆர் சொன்னது?"

"கடையில கதைச்சினம். எனக்கு ஒருத்தருமில்லை அக்கா. சாப்பாடும் கொஞ்சக் காசும் தந்தாப் போதும்."

ஒருத்தருமில்லை என்ற சொல் ஜெயரூபியைச் சுட்டது. "உள்ளுக்கு வாரும். முதல்ல ஏதும் சாப்பிடும்" என்றாள்.

பின்னேரம் இராகுலன் வேலையால் வந்தான். குசினி வாசலில் நின்றவளைக் கண்டதும் அவன் கையிலிருந்த பை நழுவியது. சுகிர்தா குனிந்து அதை எடுத்துக் கொடுத்தாள்.

"அண்ணா, தேத்தண்ணி போடட்டோ?"

ஜெயரூபி சிரித்தாள். "நல்ல பிள்ளை. வந்த அண்டைக்கே வீட்டு ஆக்களை விளங்கிக்கொண்டுட்டுது."

ஜெயரூபி கடைக்குப் போன இடைவெளியில் இராகுலன் கிணற்றடியில் வைத்து அவளைப் போய்விடும்படி கெஞ்சினான். சுகிர்தா போனைத் திறந்து அவன் அனுப்பிய பழைய செய்தியைக் காட்டினாள். அவ இருக்குமட்டும் ஏலாது. "இதை அக்காவுக்குக் காட்டட்டோ, உங்கட மனேஜருக்குக் காட்டட்டோ?" என்று கேட்டாள். அதன் பிறகு அவன் வாய் திறக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து, வயிற்றில் புண் என்று சொல்லி, பேக்கரிக் கடையில் பாண் வாங்கிச் சாப்பிடத் தொடங்கினான். அந்தக் குசினியில் சமைத்த எதையும் தொடவில்லை.

மனைவியும் மகளும் அதே குசினியில்தான் சாப்பிட்டார்கள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுகிர்தா கெட்டிக்காரி. அவள் கட்டிய பார்சலில் ஒரு துளி குழம்பு கசியாது. யதுர்ஷாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். சில விசயங்கள் மட்டும் ஒரு மாதிரி இருந்தன. ஜெயரூபி வைத்திருந்த கடுகுநிறச் சேலையைப் போலவே ஒன்றை எங்கேயோ தேடி வாங்கி வந்தாள். அதே இடத்தில் அதே அளவு பொட்டு வைத்தாள். காலையில் கூடத்துக் கலியாணப் படத்தைத் துடைப்பது அவள் வேலை. இராகுலன் நின்ற பக்கத்துக் கண்ணாடி பளபளத்தது. ஜெயரூபி நின்ற பக்கத்தில் தூசி அப்படியே கிடந்தது. கை எட்டவில்லையாக்கும் என்று ஜெயரூபி நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்குப் படியேறினா மூச்சு வாங்காதோ?" என்று சுகிர்தா அடிக்கடி கேட்பாள்.

"ஏன் கேக்கிறீர்?"

"நெஞ்சு கிஞ்சு நோகாதோ?"

"எனக்கு முழங்காலிலதான் நோ. நெஞ்சு கருங்கல்லு."

அது விளையாட்டாகச் சொன்னது. பிறகு உண்மையாகிப் போனது.

பதினேழாவது நாள் புரட்டாதியின் இரண்டாவது சனிக்கிழமை. ஜெயரூபி வழமைபோலச் சனி விரதம். விடியக் கோயிலுக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய்ச் சட்டி கொளுத்திவிட்டு வந்து, பட்டினியோடு பார்சலுக்கும் சமைத்தாள். சனிக்கிழமை எல்லாம் மரக்கறி. மகளும் பரீட்சைக்காக விரதம் பிடித்தாள்.

பதினொரு மணிக்குச் சுகிர்தா டவுனிலிருந்த தன் அறையிலிருந்து ஒரு சின்னச் சட்டி கொண்டுவந்தாள்.

"கத்தரிக்காய்ப் பிரட்டல் அக்கா. நல்லெண்ணெயில வதக்கினது. உங்களுக்கு மட்டுந்தான். பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ, சரியான உறைப்பு." கோயிலுக்குப் போய்வருவதாகச் சொல்லிப் படலையைச் சாத்திக்கொண்டு போனாள்.

அவள் எல்லாவற்றையும் யோசித்திருந்தாள். ஒன்றை மட்டும் தவறாக நினைத்துவிட்டாள். சுகிர்தாவின் ஊரில் சனி விரதத்துக்குக் காகத்துக்கு வைப்பது வெறும் எள்ளுச் சோறு. ஜெயரூபியின் வீட்டில், குணரத்தினத்தின் தாய் காலத்திலிருந்து, இலையில் எத்தனை கறி உண்டோ அத்தனையிலும் ஒவ்வொரு துளி எடுத்துப் பிசைந்து முதல் பிடி வைப்பார்கள். காகம் எடுக்காமல் வீட்டில் யாரும் வாயில் வைக்கக்கூடாது.

நண்பகலில் ஜெயரூபி இரண்டு இலை போட்டாள். ஒவ்வொரு கறியிலும் துளி எடுத்தாள். கத்தரிக்காயிலும் எடுத்தாள். மதிலில் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டாள்.

"அம்மா, பசிக்குது. அந்தக் கத்தரிக்காயில கொஞ்சம் வையுங்கோவன்."

"காகம் எடுக்கட்டும்."

"காகத்துக்கு எத்தனை மணிக்கு அப்பொயின்மென்ற் குடுத்தனீங்கள்?" என்று சொல்லிக்கொண்டே யதுர்ஷா சட்டிக்குள் விரலை விட்டாள்.

ஜெயரூபி அந்தக் கையில் ஒரு அடி போட்டாள். "விரதச் சாப்பாட்டில கை வைக்கிறியோ? போய்க் கழுவிக்கொண்டு வா."

மகள் முகத்தை நீட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். காகம் வந்தது. தலையைச் சரித்துப் பார்த்தது. இரண்டு வாய், மூன்று வாய் கொத்தியது. முருங்கைக்குப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் கிளையில் காலூன்ற முடியாமல் ஆடியது. பிறகு சிறகை விரித்தபடி மகளின் காலடியில் வந்து விழுந்து, இரண்டு தரம் துடித்து அடங்கியது. எங்கிருந்தோ காகங்கள் கூட்டமாக வந்து மதில் முழுதும் நின்று கத்தத் தொடங்கின.

ஜெயரூபி கத்தவில்லை. செத்த காகத்தையும், ஈரக் கையோடு நின்ற மகளையும் பார்த்தாள். எண்ணெய் பட்ட அந்த ஒரு விரல் வாய்க்குப் போயிருந்தால் என்ற நினைப்பு அவளுடைய உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை இறங்கியது. மகளின் கையைச் சவர்க்காரம் போட்டு நாலுதரம் கழுவினாள். ஒன்றும் கேளாதே என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள்.

பார்சல் ஏற்ற வந்த ஸஹாப்தீன் நானா பின்வளவுக்கு வந்து நின்றுவிட்டார். காகத்தைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார்.

"இத ஆரு தங்கச்சி கொண்டுவந்த?"

"சுகிர்தா."

நானா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "அந்தப் புள்ளய நான் முந்தியே அறிவன். போன வருஷம் ரெண்டு மூணு தரம் நிலாவெளிக்கு ஏத்தினனான். உங்கட மாப்புள்ளயும் கூட."

"இஞ்ச கண்டபிறகும் ஏன் நானா சொல்லேல்ல?"

"அவருக்கிட்டக் கேட்டன் தங்கச்சி. சொந்தக்காரப் புள்ள, ரூபிக்கு எல்லாம் தெரியும் எண்டு சொன்னாரு. நான் நம்பிட்டன். அல்லாஹ் என்ன மன்னிக்கட்டும்."

ஜெயரூபி கட்டி வைத்திருந்த அத்தனை பார்சல்களையும் பார்த்தாள். சுகிர்தா கை வைத்த பார்சல்கள். "நானா, மண்வெட்டியை எடுங்கோ" என்றாள். முருங்கையடியில் குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தார்கள். பார்சல் அக்கா வராமல் துறைமுகத்து ஆட்கள் பட்டினி கிடந்தது அந்த ஒரு நாள்தான்.

மிஞ்சிய கறியை இரண்டு ஊறுகாய்ப் போத்தலில் போட்டு மூடினாள். மூடிமேல் கடதாசி ஒட்டி, திகதி போட்டு, நானாவிடம் கையெழுத்து வாங்கினாள். ஒன்றை அவரிடம் கொடுத்தாள். சட்டியில் ஒரு கரண்டி மிச்சம் விட்டாள்.

"பொலிஸுக்குப் போவம் தங்கச்சி."

"போகலாம் நானா. நாளைக்கு என்ர குசினிச் சாப்பாட்டில நஞ்சு எண்டு பேப்பரில வரும். பிறகு என்ர கையால ஆர் சாப்பிடுவினம்? பிள்ளை எந்த முகத்தோட சோதினை எழுதும்?" போத்தல் மூடியை இன்னொருதரம் இறுக்கினாள். "அதோட, ஜெயில் மட்டும் அவைக்குக் காணாது."

சனிக்கிழமை அரைநாள் வேலை. ஒரு மணிக்கு இராகுலன் வந்தான். மேசையில் இலை போட்டிருந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்.

"இருங்கோ. சாப்பிடுங்கோ."

"வயித்தில புண் ரூபி. பாண் திண்டிட்டன்."

"ஒரு வாய்."

அவன் கத்தரிக்காயைப் பார்த்தான். "இது ஆர் சமைச்சது?"

"ஏன்? நான் சமைச்சாச் சாப்பிடுவீங்கள், அவ சமைச்சாச் சாப்பிடமாட்டீங்களோ?"

அவன் இலையைத் தள்ளி வைத்தான். அவள் அவனுடைய தோளைப் பிடித்துப் பின்வளவுக்குக் கொண்டுபோய்க் காகத்தைக் காட்டினாள். நானா மதிலோரம் நின்றார். இராகுலன் மண்ணில் குந்திவிட்டான். எல்லாம் வெளியில் வந்தது. கடை, நிலாவெளி, இருதய வருத்தம், வீடு, கடைசியில் அந்தச் செய்தி.

"அவள் இப்படிச் செய்வாள் எண்டு நான் நினைக்கேல்லை ரூபி. சத்தியமா நினைக்கேல்லை."

"நினைக்காமலோ பதினேழு நாள் கடைப் பாண் திண்டனீங்கள்?"

ஜெயரூபி குனிந்து அவன் முகத்தை நிமிர்த்தினாள்.

"இன்னொருத்தியோட போனதை ஒருவேளை நான் அழுது தீர்த்திருப்பன். என்னைச் சாகக் கிடக்கிறவளாக்கினதையும் மறந்திருப்பன். உங்கட வாய்க்கு மட்டும் பாண் வாங்கினீங்கள். பெத்த பிள்ளைக்கு ஒரு துண்டு வாங்கேல்ல."

அவள் உள்ளே போய் அலுமாரிக்குமேல் கிடந்த பழைய சூட்கேசை இறக்கி, அவனுடைய வெள்ளைச் சட்டைகளை அடுக்கத் தொடங்கினாள். மடிப்புக் குலையாமல் அடுக்கினாள்.

இரண்டு மணியளவில் ஒழுங்கையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. "ஐயோ என்ர அக்கா" என்று தலைவிரி கோலமாகச் சுகிர்தா ஓடிவந்தாள். கடுகுநிறச் சேலை கட்டியிருந்தாள். யார் செத்ததென்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. படலையைத் தள்ளிக்கொண்டு வந்தவள், கூடத்தில் கதிரை போட்டு இருந்த ஜெயரூபியைக் கண்டதும் அப்படியே நின்றாள். ஒப்பாரி பாதியில் அறுந்தது.

"அழுங்கோ. ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்றாள் ஜெயரூபி. இன்றைக்கு அவள் சுகிர்தாவை நீங்கள் என்றாள். "செத்தது ஒரு காகம்தான். அதுக்கும் அழ ஆள் வேணும்."

சுகிர்தா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஜெயரூபி மடியிலிருந்த காணி உறுதியை எடுத்து நீட்டினாள்.

"வாசியுங்கோ. ஆர் பேர் போட்டிருக்கு?"

"உங்கட பேர்."

"என்ர அப்பா கட்டின வீடு. நான் செத்தா என்ர பிள்ளைக்கு. இவருக்கு இதில ஒரு ஓடும் இல்லை. எனக்கு இருதய வருத்தமும் இல்லை. என்னைக் கொன்றிருந்தா உங்களுக்கு மிஞ்சுறது இந்தச் சூட்கேஸ்தான். அதை நான் சும்மாவே தாறன்."

சுகிர்தா இராகுலனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏமாற்றம் இருக்கும் என்று அவன் எதிர்பார்த்திருப்பான். இருந்தது பசி. வீடு போனாலும் அவன் போதும் அவளுக்கு. அதைக் கண்டபோதுதான் அவனுக்கு உண்மையான பயம் வந்தது.

"ரூபி, என்னை எங்கயெண்டாலும் போகச் சொல்லும். இவளோட மட்டும் விடாதையும்."

"அப்ப பொலிஸுக்குப் போவம். போத்தலை நான் குடுக்கிறன். 'அவ இருக்குமட்டும் ஏலாது' எண்டு நீங்கள் எழுதினதை இவ குடுப்பா. கொல்லச் சொன்னது ஆரெண்டு அவை முடிவெடுக்கட்டும்." சுகிர்தாவிடம் திரும்பினாள். "குடுப்பீங்களோ?"

"ஓம் அக்கா," என்றாள் சுகிர்தா மெதுவாக. "அவர் என்னை விட்டிட்டுப் போனா, எப்ப போனாலும், குடுப்பன்."

"கேட்டனீங்களோ?" என்றாள் ஜெயரூபி புருசனிடம். "ரெண்டு போத்தலும் இருக்கும். இந்த ஒழுங்கைக்குள்ள, என்ர பிள்ளையின்ர பள்ளிக்கூட வாசலில, உங்கட ரெண்டு பேரின்ர நிழல் விழுந்தா அண்டைக்கு அது பொலிஸில நிக்கும்."

அவன் அவளுடைய காலைப் பிடித்தான். "அவளின்ர கையால நான் என்னெண்டு சாப்பிடுறது?"

"நாங்கள் சாப்பிட்டனாங்கள்தானே. பதினேழு நாள். நல்லாச் சமைப்பா."

நானாவின் ஓட்டோவில் சூட்கேசை அவளே தூக்கி வைத்தாள். சுகிர்தா கடுகுநிறச் சேலையைச் சரிசெய்துகொண்டு, புதுப்பெண்போல அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவளுடைய கை அவன் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்திருந்தது. ஓட்டோ திரும்பியதும் ஜெயரூபி உள்ளே போய், கலியாணப் படத்தின் தூசி படிந்த பக்கத்தைத் துடைத்தாள். மற்றப் பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி அடுப்பில் போட்டாள். அதன்பிறகுதான் அழுதாள்.

மகள் பரீட்சை எழுதினாள். பார்சல் திங்கட்கிழமை வழமைபோலக் கேற்றுக்குப் போனது.

இராகுலனும் சுகிர்தாவும் உப்புவெளிப் பக்கம் ஒரு அறையில் இருக்கிறார்கள். மணிக்கு ஒருதரம் அவள் அவனுக்குப் போன் எடுப்பாள். அவன் பதில் சொல்லாவிட்டால் துறைமுகக் கேற்றுக்கே வந்துவிடுவாள். மதியம் அடுக்குச் சட்டியில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்து வேம்படியில் நின்று, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெறுஞ்சட்டியோடு அவள் திரும்பவேண்டும். அது சட்டம்.

அவன் கேற்றுப்பக்க மதிலடியில் இருப்பான். சட்டியைத் திறந்து, எல்லாக் கறியிலும் ஒவ்வொரு துளி எடுத்துப் பிசைந்து, முதல் பிடியை மதிலில் வைப்பான். சனிக்கிழமை மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும். காகம் வந்து தின்று, பறந்து, மறுபடி வந்து கத்தும்வரை வாயில் ஒரு பருக்கை வைக்கமாட்டான்.

"இராகுலன் ஐயா பெரிய பக்தர் ஆகிட்டார். சனீஸ்வரனுக்கு நேர்த்தி போல," என்று கேற்றில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். வெள்ளைச் சட்டை இப்போது அவனுடைய தோளில் தொங்குகிறது.

போன கார்த்திகையில் ஒருநாள். விடாத மழை. வேம்படியில் கடுகுநிறச் சேலை ஒரு குடையின் கீழே அசையாமல் நின்றது. மதிலில் வைத்த பிடி கரைந்து வழிந்துகொண்டிருந்தது. காகம் ஒன்றும் வரவில்லை. அரைமணி பார்த்துவிட்டு, இராகுலன் சட்டியை மூடிக்கொண்டு கேற்றடியில் ஜெயரூபி பார்சல் விற்கும் மேசையடிக்கு வந்தான். பதினான்கு மாதத்தில் முதல் தடவை.

"ரூபி, ஒரு பார்சல்."

ஜெயரூபி அவனைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் பதினைந்து பார்சலாவது இருந்தது. சூடு ஆறாமல், கருவேப்பிலை மணத்தோடு.

"முடிஞ்சுது," என்றாள்.

நானா வேறு பக்கம் பார்த்தார். இராகுலன் திரும்பிப் போய் மதிலடியில் இருந்தான். மடியில் சட்டி. எதிரே குடை. அவன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். ஜெயரூபி பெட்டியின் மூடியைத் திறந்து, வரிசையில் நின்ற அடுத்த ஆளுக்கு ஒரு பார்சலை எடுத்துக் கொடுத்தாள்.